கிரைண்டிங் மெஷின் கார்டைக் கழட்டி வெச்சிருக்கிற பட்டறைக்கார அண்ணன்மார்களுக்கு

கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல கேட்டு, கிரில்லு, ஷெட்டு வேலை பாக்குற பட்டறை அண்ணன்மார் எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் பவர் டூல்ஸ் ரிப்பேர் பாக்குறவன், இருபத்திரெண்டு வருசமா இதே தொழில், உங்க கை கிரைண்டிங் மெஷின் புகைஞ்சா எங்கிட்டதான் வரும். நேர்ல சொன்னா "சரி சரி பாத்துக்கலாம், நீ மொதல்ல மோட்டார் காயிலைக் கட்டு"ன்னு கெளம்பிடறீங்க, அதனாலதான் எழுதறேன்.

போன வாரம் டேபிள் மேல ஒம்பது மெஷின் கெடந்துச்சு, எல்லாமே 4 இஞ்சு வீலு மாட்டுற சைஸ். அதுல கார்டு, அதான் சுத்துற வீலைப் பாதி மூடுற பாதுகாப்புத் தகடு, இருந்தது ரெண்டே ரெண்டுலதாங்க. மத்த ஏழுலயும் கார்டு உக்கார்ற கழுத்துல வெல்டிங் பொறி ஒட்டி கெட்டியா கெடக்கு, அப்படின்னா நேத்து கழட்டுனது இல்ல, வாங்குன வாரமே கழட்டி மூலைல வீசியாச்சு.

ஏன் கழட்டுறீங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. வீலு பாதி தேஞ்சதும் 2 இஞ்சு ஸ்கொயர் பைப்புல இறங்க மாட்டேங்குது, டிசைன் மூலைல பர் (வெட்டுன ஓரத்துல நிக்கிற பிசிறு) எடுக்கப் போனா கார்டு இடிக்குது, 5 இஞ்சு வீலு போட்டா ஒரே இழுப்புல வெட்டிடலாம், ஆனா கார்டு இருந்தா அது உள்ள போகாது, நாளைக்கு கேட்டு டெலிவரி, வீட்டுக்காரரு போன் மேல போன் போடறாரு. எல்லாம் புரியுதுங்க. ஆனா கழட்டுறது நீங்க, அந்த மெஷினைக் கையில புடிச்சு நிக்கிறது மாச சம்பளத்துக்கு வந்த ஹெல்பர் தம்பி. எனக்கு வயிறு எரியறது அதுலதான்.

4 இஞ்சு மெஷின் நிமிசத்துக்கு சுமார் 11,000 சுத்து சுத்துது. கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த வேகத்துல வீலோட ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல போகுது. 1 எம்எம் கட்டிங் வீலுங்கிறது என்னங்க, மணலு மாதிரி துகளை பசை போட்டு வலை வெச்சு அமுக்குன ஒரு அப்பளம். வெட்டும்போது பைப்பு கொஞ்சம் இறங்கி வீலைக் கவ்வுச்சுன்னா ஒண்ணு மெஷின் எகிறி ஆள் மேலயே வரும், இல்ல வீலு தெறிக்கும். தெறிச்ச துண்டுக்கும் அந்தப் பையன் மூஞ்சிக்கும் நடுவுல இருக்கிறது அந்த ஒரு தகடு மட்டும்தான். அதைத்தான் நாம இடைஞ்சல்னு சொல்லிக் கழட்டிப் போடறோம்.

இன்னொரு மெஷின்ல 7 இஞ்சு வீலை புஷ் (நடு ஓட்டையச் சின்னதாக்குற வளையம்) போட்டு மாட்டியிருந்துச்சுங்க, பாத்ததும் எனக்குக் கையே நடுங்கிடுச்சு. அந்த வீலு மேல 8,500 ஆர்பிஎம்னு, அதாவது நிமிசத்துக்கு அத்தனை சுத்துதான்னு, கொட்டை எழுத்துல போட்டிருக்கு, மெஷினோ 11,000. வேகம் ஒண்ணே கால் மடங்கு ஏறுனா வீலைப் பிச்சுக்கிட்டு வெளிய இழுக்குற விசை ஒண்ணரை மடங்கைத் தாண்டிடும், அது வேகத்தோட வர்க்கத்துல ஏறுறது. மெஷினோட ஆர்பிஎம்மை விட வீலு மேல போட்டிருக்கிற ஆர்பிஎம் கம்மியா இருந்தா அதைத் தொடவே தொடாதீங்க. இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்சது இல்ல, 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 30வது பிரிவுன்னு ஒண்ணு, கிரைண்டிங் பண்ற ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் வீலோட பாதுகாப்பான அதிகபட்ச வேகத்தை எழுதி ஒட்டணும்னு அப்பவே எழுதி வெச்சாங்க. ஆனா கரண்ட் வெச்சு வேலை நடக்குற இடத்துல பத்து பேராவது இருந்தாத்தான் அந்தச் சட்டம் உள்ள வரும்னு வெச்சாங்க. நம்ம பட்டறைல மூணு பேரு. எந்த ஆபீசரும் வந்து பாக்கப் போறதில்ல, அண்ணா, உங்களை விட்டா அந்தப் பையனுக்கு ஆளில்ல.

மரம் அறுக்குற பல்லு பிளேடை இந்த மெஷின்ல மாட்டுறதை இன்னையோட விட்டுடுங்க. பல்லு மரத்துல சிக்குன நொடி மெஷின் கையை விட்டுப் பறக்கும், அதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

ஐப்பசி மாசம் ஒரு பையன் மெஷின் குடுக்க வந்தான், பத்தொம்பது வயசு இருக்கும், வலது கண்ணு செவந்து தண்ணியா ஊத்துது. கேட்டா மூணு நாளைக்கு முன்னாடி பர் எடுக்கும்போது தூள் விழுந்துச்சாம், கூட வேலை பாக்குறவரு துண்டு முனைய முறுக்கி எடுத்து விட்டாராம், அப்புறம் பக்கத்து வீட்டக்கா கிட்ட தாய்ப்பால் வாங்கி ஊத்துனாங்களாம். நான் வண்டில உக்கார வெச்சு கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். இரும்புத் தூள் கருவிழில ஒட்டுனா அது அங்கயே துருப்பிடிக்கும்ங்க, துகளை எடுத்த பின்னாடியும் சுத்தி ஒரு துரு வளையம் நின்னுக்கும், அதைத் தனியா சுரண்டி எடுத்தாரு டாக்டரு. கண்ணு தப்பிச்சுது, ஆனா அந்த எடத்துல தழும்பு இருக்கு, ராத்திரி எதிர்ல லைட்டு வந்தா கூசுதுங்கறான். பக்கமும் மூடுன கண்ணாடியெல்லாம் நூறு ரூபாய்க்குள்ள வந்துரும். வெல்டிங் கருப்புக் கண்ணாடி இதுக்கு ஆகாது, சாதாரணக் கூலிங் கிளாஸும் ஆகாது.

மெஷினைப் பத்தியும் சொல்லிடறேன், உங்க காசு சம்பந்தப்பட்டது. தொறந்தா பாதி மெஷின்ல ஃபீல்டு காயிலைச் சுத்தி இரும்புத் தூள் கம்பளிப்பூச்சி மாதிரி சிலுத்துக்கிட்டு நிக்குது. இரும்புத் தூள்ல கரண்டு பாயும், காயில் கருகறது மட்டுமில்ல, பாடில ஷாக்கும் அடிக்கலாம். இந்த மெஷின்ல எர்த்து வயரே கெடையாது, ரெட்டை இன்சுலேஷனை நம்பித்தான் ஓடுது, அதை நாமளே தூளைக் கொட்டிக் கெடுத்துடறோம். வாரத்துக்கு ஒருக்கா பிளக்கைப் புடுங்கிட்டு காத்தோட்ட ஓட்டைல ஏர் புடிங்க. உள்ள நெருப்பு வளையம் மாதிரி பொறி தெரிஞ்சா கார்பன் (மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்துக்குக் கரண்டு குடுக்கிற சின்னக் கட்டை) தேஞ்சிருக்கு, 5, 6 எம்எம்முக்கு வந்துட்டா ரெண்டையும் ஜோடியா மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க. ஓடிட்டு இருக்கிறப்ப ஸ்பிண்டில் லாக்கை (வீலு மாத்தறப்ப தண்டு சுத்தாம புடிக்கிற பட்டன்) அமுக்கி நிறுத்துறவங்களும் இருக்காங்க, கியர் ஹெட்டுல பின்னு ஒடைஞ்சு வர்றதெல்லாம் அப்படி வர்றதுதான்.

வீலு நடு வளையத்துல மாசம் வருசம் அடிச்சிருக்கும், அது தேதி முடியற கணக்கு, பசை நாள்பட்டா வலு போயிடும், ஈரத்துல கெடந்தா இன்னும் சீக்கிரம். தண்ணி டிரம் பக்கத்துல அடுக்கி வெக்காதீங்க. கட்டிங் வீலோட பக்கவாட்டுல பர் எடுக்காதீங்க, அதுக்கு 6 எம்எம் கிரைண்டிங் வீலு தனியா இருக்கு. லுங்கி, தோள்ல துண்டு, நூல் கையுறை இதெல்லாம் சுத்துற வீலுக்குக் கிட்ட வரவே கூடாது.

அப்புறம் கரண்டு கட்டு. எனக்கே நடந்ததுங்க இது. கரண்டு போச்சு, சுவிட்ச் ஆன்லயே இருந்ததை மறந்து மெஷினை டேபிள்ல வெச்சுட்டு டீ குடிக்கத் திரும்புனேன், கரண்டு வந்ததும் அது தானா ஓடி உருண்டு என் தொடைல இறங்குச்சு. பதினாலு தையல். கரண்டு போன உடனே சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பிளக்கைப் புடுங்கச் சொல்லி பையனுக்குப் பழக்குங்க, வயரை நேரா பாக்ஸ்ல சொருகித் தீக்குச்சி குத்துறதையும் நிறுத்துங்க, பிளக்கு இருந்தாத்தானே புடுங்க முடியும்.

நான் ஒரு முடிவு எடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. தை பொறந்ததுல இருந்து கார்டு இல்லாம வர்ற மெஷினுக்கு நான் காயில் கட்ட மாட்டேன், எத்தனை வருசப் பழக்கமா இருந்தாலும் சரி. நீங்க கழட்டிப் போட்ட கார்டு பழைய இரும்பு மூட்டைக்குள்ள எங்கயாவது கெடக்கும், தேடி எடுத்துட்டு வாங்க, கிளாம்ப் ஸ்க்ரூ தொலைஞ்சிருந்தாலும் நானே போட்டு மாட்டித் தர்றேன், அதுக்குக் காசு வேண்டாமுங்க.