பத்திலொன்றா, இருபதிலொன்றா? இஸ்லாம் பாட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அஸ்ஸலாமு அலைக்கும். அம்பாறை மாவட்டத்தில் இஸ்லாம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பாட ஆலோசகர்களுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன் எழுதுவது.

25 வருடத்துக்கு மேல் நானும் நோட்ஸ் சொல்லித்தான் கொடுத்தேன். 40 நிமிடப் பாடவேளை, கொப்பி நிறைய வரைவிலக்கணம், கடைசித் தவணையில் பாஸ்ட் பேப்பர். விளைச்சலில் ஸகாத், அதாவது கட்டாயத் தர்மம், எவ்வளவு என்று கேட்டால் "மழையில் விளைந்தால் பத்திலொன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதிலொன்று" என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்புவிக்கும். ஒருநாள் பின்வாங்கில் இருந்து சம்மாந்துறைப் பொடியன் ஒருவன் எழும்பினான். "சேர், எங்கட வட்டைக்கு (வயலுக்கு) வாய்க்கால் தண்ணி தானா வருது. வாப்பா இறைக்கிறயில்ல. அப்ப எது?" "நோட்ஸில இருக்கிறத எழுது" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுருங்குகிறது.

சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் எங்கே வரும்? பதில் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் இருக்கிறது: வாய்க்காலில் தானாகப் பாய்ந்தால் பத்திலொன்று, பம்பி வைத்து இறைத்தால் இருபதிலொன்று, இரண்டும் சரிபாதியென்றால் நூற்றுக்கு ஏழரை. அன்றைக்கு நான்தான் தேடவில்லை.

ஓய்வுபெற முந்தின வருடம் தரம் 10க்கு ஸகாத் அளவுகளை அளந்து காட்ட ஒரு சுளகும் ஒரு பை நெல்லும் கொண்டுபோனேன். நடுத்தரமான ஆளின் இரண்டு கையும் சேர்த்து அள்ளினால் ஒரு முத்து (முத்த் என்ற அரபு அளவு). யாருடைய கை நடுத்தரம் என்று பெரிய சண்டை. கடைசியில் காவல்காரக் காக்காவைக் கூப்பிட்டோம். அவர் நாலு தரம் அள்ளிப் போட, ஒரு ஸாஉ. "இது பெருநாளைக்கு உம்மா பித்ராத் தர்மம் அளக்கிறதுதானே!" என்றாள் ஒரு பிள்ளை. 60 ஸாஉ ஒரு வஸ்க். தானியத்துக்கு நிஸாப், அதாவது ஸகாத் கடமையாகும் குறைந்த அளவு, ஐந்து வஸ்க், உமியோடு வைக்கும் நெல்லுக்குப் பத்து. "அப்ப உமியையும் கழிச்சிருக்காங்க" என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். மணி அடித்தபோது கொப்பியில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த நாள் ஐந்தாறு பேர் வீட்டு நெல்லுக் கணக்கோடு வந்தார்கள்.

"சிலபஸ் யார் முடிக்கிற?" என்பீர்கள். நியாயம்தான், எனக்கும் முடிந்ததில்லை. ஆனால் 2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு வந்த ஐந்து 'ஈ' (5E) கற்பித்தல் முறை செய்து பார்த்துப் படிக்கத்தான் சொன்னது. அதை விளக்கிய செயலமர்வில் எங்களுக்கு அரைநாள் ஸ்லைட் வாசித்தார்கள். நாங்கள் அதையும் நோட்ஸ் எடுத்தோம்.

ஆலோசகர்மாரிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த செயலமர்வை மண்டபத்தில் வைக்காமல் சிறுபோக அறுவடை நேரம் வட்டையில் வையுங்கள். மெசின் நெல்லைக் கொட்டும் இடத்தில், சொந்தக்காரரையும் குத்தகைக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு ஸகாத் கொடுக்கவேண்டும் என்று ஆசிரியர்களே கணக்குப் பார்க்கட்டும். இடம் தேடத் தேவையில்லை, தம்பியின் வயல் இருக்கிறது. வெயில் ஏறமுதல் ஏழு மணிக்கு வாருங்கள். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.