ஜெனீவா ஏரிக்குக் கோடை உலா அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

சிக்காகோ வட்டாரத் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், ஆண்டுதோறும் கோடை உலாவை ஏற்பாடு செய்யும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் குடும்பங்கள் கார்களிலும் வாடகைப் பேருந்துகளிலும் ஏறி, வடமேற்கே சுமார் 80 மைல் பயணம் செய்து, இல்லினாய் எல்லையைத் தாண்டி, விஸ்கான்சின் மாநிலத்தின் ஜெனீவா ஏரிக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போய்க் கரையில் அமர்ந்து சாப்பிட்டு, படகில் ஒரு சுற்று வந்து, மாலையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை 15 ஆண்டுகளாக உடன் வருபவன் என்ற முறையில் நான் அறிவேன். அந்த உழைப்புக்கு முதலில் என் நன்றி. அந்த ஒரு நாளை நாம் செலவிடும் விதத்தில் ஒரு மாற்றம் வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஏறிய சுற்றுலாப் படகில், கரையோர மாளிகைகள் ஒவ்வொன்றும் யாருடையது, எத்தனை அறைகள் கொண்டது, கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சூயிங் கம் விற்ற ரிக்லி குடும்பம், மிதிவண்டி செய்த ஷ்வின் குடும்பம், துணி துவைக்கும் இயந்திரம் செய்த மேடாக் குடும்பம் என்று பட்டியல் நீண்டது. அப்போது ஒன்பது வயதாக இருந்த என் மகள், இவர்களுக்கெல்லாம் முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டாள். படகில் அதற்கு விடை கிடைக்கவில்லை. எனக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் அந்த ஊர்களுக்குத் தனியாகப் போய் நடக்கவும் படிக்கவும் தொடங்கினேன்.

இருந்தவர்கள் பொட்டவாட்டமி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள். பனிப்பாறைகள் உருகி விட்டுச்சென்ற அந்த ஏரியைத் தெளிந்த நீர் என்ற பொருளில் கிஷ்வாக்கிட்டோ என்று அழைத்தவர்கள் அவர்கள். இன்று ஃபோன்டானா என்ற ஊர் இருக்கும் மேற்குக் கரையில், ஊற்றுகளின் அருகே, வெள்ளையர் பிக் ஃபுட் என்று குறிப்பிட்ட தலைவரின் ஊர் இருந்தது. ஏரியும் சில காலம் அவர் பெயராலேயே அறியப்பட்டது. 1833இல் சிக்காகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி பொட்டவாட்டமி மக்கள் மிச்சிகன் ஏரியின் மேற்கே இருந்த தங்கள் நிலத்தைக் கைவிட நேர்ந்தது. 1836இல் பிக் ஃபுட்டின் மக்கள் கரையை விட்டு மேற்கே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் புறப்படுவதற்கு முன்பே, நிலம் அளக்க வந்த ஜான் பிரிங்க் என்பவர், நியூயார்க் மாநிலத்தில் தாம் அறிந்திருந்த ஜெனீவா என்ற ஊரின் பெயரை இந்த ஏரிக்குச் சூட்டிவிட்டார். சுவிட்சர்லாந்தின் நினைவாக வைத்த பெயர் என்று நம்மில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்; அது நேரடியாக உண்மையல்ல. பெயர் மாறியதை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அந்த மக்களே மறைந்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். பொட்டவாட்டமி மக்கள் இன்றும் கான்சாஸிலும் ஓக்லஹோமாவிலும், விஸ்கான்சினின் வடக்கே காட்டுப் பகுதியிலும் தங்கள் அரசாங்க அமைப்புகளோடு வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர்கள் நடந்த தடம் இன்னும் அங்கே இருக்கிறது என்பதுதான் அந்த ஏரியைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் நெகிழ வைத்த செய்தி. ஏரியைச் சுற்றிச் சுமார் 21 மைல் நீளத்துக்கு ஓர் ஒற்றையடிப் பாதை, தண்ணீரை ஒட்டி, அத்தனை மாளிகைகளின் முற்றங்களையும் ஊடறுத்துச் செல்கிறது. நிலம் தனியாருடையதாக இருந்தாலும் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. எவ்வளவு பெரிய செல்வந்தரும் தம் வீட்டுக்கும் படகுத்துறைக்கும் இடையே முன்பின் அறியாதவர்கள் நடந்து போவதைத் தடுக்க முடியாது. அவரவர் நிலத்தில் வரும் பகுதியை அவரவரே பராமரிப்பதால், பத்தடிக்குச் செங்கல், அடுத்த பத்தடிக்குப் புல், பிறகு சரளை, பிறகு பலகைக்கல் என்று காலடியில் தரை மாறிக்கொண்டே வரும். படகிலிருந்து பார்த்தால் அண்ணாந்து பார்க்க வேண்டிய வீடுகளாக இருப்பவை, பாதையில் நடக்கும்போது ஒரு தெருவின் வீடுகளாகிவிடுகின்றன. கரையெல்லாம் வேலியாகிப்போன எத்தனையோ ஏரிகள் இந்த நாட்டில் இருக்க, இந்த ஏரியில் இப்படியொரு உரிமை நிலைத்திருப்பதை நம் பிள்ளைகள் தம் கால்களால் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாளிகைகளின் கதையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. 1871 அக்டோபரில் சிக்காகோ எரிந்தபோது நகரத்துச் செல்வந்தர்கள் பலர் இங்கே ஒதுங்கினார்கள். இரயிலும் வந்துவிட்டதால் கோடை முழுவதும் குடும்பம் ஏரிக்கரையிலும் தலைவர் வார இறுதி வண்டியிலுமாக ஒரு வாழ்க்கை உருவாயிற்று. பீர் வணிகர் கான்ராட் சைப் 1888இல் கட்டிய பிளாக் பாயின்ட் மாளிகை இப்போது மாநில வரலாற்றுக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்த வீடுகளைத் துடைத்தவர்கள், தோட்டம் போட்டவர்கள், குளிர்காலத்திலும் ஊரை விட்டுப் போகாதவர்கள் ஆகியோரின் கதை நம் உலாவில் ஒரு வரிகூட இடம் பெறவில்லை. ஏரி உறைந்ததும் உள்ளூர் ஆட்கள் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் இட்ட கிடங்குகளில் அடுக்கி, இரயிலில் சிக்காகோவுக்கு அனுப்பினார்கள். நகரத்து வீடுகளில் கோடையில் பால் கெடாமல் இருந்ததற்கு இங்கே ஜனவரிக் குளிரில் நின்றவர்களின் கைகளும் ஒரு காரணம். மாளிகைத் தோட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து ஊருக்குள் எழுப்பிய தோட்டக்கலை மன்றம் 100 ஆண்டுகளைக் கடந்து இன்றும் நிற்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பின்னாளில் உருவாக்கியவர்களுள் ஒருவரும் உள்ளூர்க்காரருமான கேரி கைகாக்ஸ் 1968இல் முதல் ஜென் கான் விளையாட்டுக் கூடுகையை நடத்தியதும் அந்த மன்றத்தில்தான். அந்த விளையாட்டை ஆடும் நம் வீட்டு இளைஞர்களை அந்த வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும், உலா முழுவதையும் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

சாலைகள் சரியில்லாத காலத்தில் கரையோர வீடுகளுக்கு அஞ்சல் படகில்தான் போயிற்று. 1916 முதல் நடந்துவரும் அந்தப் படகு அஞ்சல் இன்றும் கோடையில் உண்டு. படகு நிற்காமல் மெல்ல நகர, பணியில் இருக்கும் இளைஞர் துறைக்குத் தாவிக் குதித்து, பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து மீண்டும் படகில் ஏறிக்கொள்கிறார். படகுச் சவாரி அவசியம் என்றால், மாளிகை விலை சொல்லும் படகுக்குப் பதில் இந்த அஞ்சல் படகில் காலையிலேயே இடம் பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிக்காகோவின் ஏழைக் குழந்தைகள் கோடையில் சில நாட்களாவது நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும் என்று 1887இல் கரையில் வாழ்ந்தவர்கள் தொடங்கிய ஹாலிடே ஹோம் முகாமும் இந்த ஏரியின் வரலாற்றில் சேர்ந்ததே.

இனி வில்லியம்ஸ் பே என்ற சிற்றூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுதுவதற்குக் காரணமும் அந்த ஊர்தான்.

ஏரியின் வடகரையில் உள்ள அந்த ஊரின் மேட்டில், சிக்காகோ பல்கலைக்கழகத்துக்காக ஜார்ஜ் எல்லரி ஹேல் உருவாக்கிய யெர்க்ஸ் வானாய்வகம் 1897இல் திறக்கப்பட்டது. அங்குள்ள, 40 அங்குல விட்டமுள்ள வில்லை கொண்ட தொலைநோக்கி, ஆய்வுக்குப் பயன்பட்ட ஒளிவிலகல் தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது. சுமார் 60 அடி நீளமுள்ள குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பார்ப்பவரின் கண் எட்டும்படி, மண்டபத்தின் தரை முழுவதுமே மேலும் கீழும் நகரும். 1921இல் ஐன்ஸ்டைன் வந்து அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

1937 ஜனவரியில், பனிக்காலத்தின் நடுவே, சென்னையில் மணம் முடித்து நான்கு மாதங்களே ஆகியிருந்த இருவர், கணவர் யெர்க்ஸில் பணியாற்றுவதற்காக, அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்துக் கேம்பிரிட்ஜ் சென்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். மற்றவர் அதே மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த லலிதா. 1964இல் சிக்காகோவுக்கு இடம் பெயரும்வரை ஏறத்தாழ 27 ஆண்டுகள் அவர்களுடைய ஊர் வில்லியம்ஸ் பே. நட்சத்திரங்களின் அமைப்பையும் ஒளி அவற்றினூடே கடந்துவரும் விதத்தையும் பற்றிய சந்திரசேகரின் பெரும் ஆய்வுகள் அந்தக் கரையில் எழுதப்பட்டவை. பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பாடம் நடத்துவதற்கு நிறத்தைக் காரணம் காட்டி எதிர்ப்பு எழுந்தபோது, அப்போதைய தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதை ஏற்க மறுத்தார். சந்திரசேகர் வாரந்தோறும் பனியிலும் 80 மைல் கார் ஓட்டிச் சென்று, இரண்டே மாணவர் இருந்த வகுப்புக்குப் பாடம் நடத்தினார் என்பதும், அந்த இருவரும், அதாவது இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும், 1957இல் நோபல் பரிசு பெற்றார்கள் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. சந்திரசேகர் தம் பரிசை 1983இல் பெற்றார். நாம் இன்று இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கும் அதே பயணத்தை அந்நாளைய சாலைகளில், குளிர்காலத்தில், அவர் திரும்பத் திரும்பச் செய்தார் என்பதைப் பேருந்தில் போகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லலாமே. லலிதா அவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். தமிழ் பேச வேறு வீடு அரிதாக இருந்த ஒரு சிற்றூரில், அத்தனை குளிர்காலங்களைக் கழித்து ஒரு வாழ்க்கையை அமைத்தவர் அவர். நம் வீடுகளில் இன்று பாட்டிமார் சொல்லும் தனிமையை அவர் நமக்கெல்லாம் முன்பே அறிந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த வானாய்வகம் நமக்குக் கிடைத்திருப்பது ஊர்மக்களால். 2006இல் அந்த வளாகத்தில் சொகுசு விடுதியும் வீடுகளும் கட்டும் திட்டத்தோடு ஒரு நிறுவனத்துக்கு விற்க ஏற்பாடு நடந்தபோது, ஊரில் எழுந்த எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 2018 அக்டோபரில் பல்கலைக்கழகம் கதவை மூடியது. ஊரும் ஆர்வலர்களும் சேர்ந்து முயன்றதில் 2020 மே மாதம் கட்டடம் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. பழுது பார்த்து 2022இல் மக்களுக்குத் திறந்தார்கள். சில ஆயிரம் பேரே வாழும் ஓர் ஊர் இதைச் செய்திருக்கிறது. ஆண்டுதோறும் பேருந்து நிறைய ஆட்களோடு அந்த வட்டாரத்துக்குப் போகும் நாம், அந்த வாசலைக் கடந்துகூடப் போகாமல் திரும்பி வந்திருக்கிறோம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் கோடையில் பேருந்தை லேக் ஜெனீவா நகரத்தில் நிறுத்தாமல் முதலில் வில்லியம்ஸ் பேக்குக் கொண்டு செல்லுங்கள். யெர்க்ஸில் குழுவாகப் பார்க்க முன்பதிவு செய்ய வேண்டும் என்பதால், நாள் குறித்த உடனே அதைச் செய்துவிடுவது நல்லது. பிற்பகலில், நடக்கக்கூடியவர்கள் அங்கிருந்து ஃபோன்டானா வரை சுமார் 3.5 மைல் கரைப்பாதையில் நடக்கட்டும்; பேருந்து அங்கே வந்து அழைத்துக்கொள்ளலாம். குழந்தை வண்டி அந்தப் பாதையில் ஓடாது, வழியில் கழிப்பறையும் இல்லை. எனவே முதியோரும் கைக்குழந்தை உள்ளவர்களும் வில்லியம்ஸ் பே ஏரிக்கரைப் பூங்காவில் இருந்துகொள்ளலாம், அல்லது அருகிலேயே உள்ள கிஷ்வாக்கிட்டோ இயற்கைக் காப்பிடத்தைப் பார்க்கலாம். பாதை பிறர் முற்றத்தின் வழியே போவதால் வரிசையாக, பாட்டுப்பெட்டி இல்லாமல், ஒரு காகிதத் துண்டும் கீழே போடாமல் நடக்க வேண்டும் என்று பேருந்திலேயே அறிவித்துவிட வேண்டும். அத்தனை பேர் அந்தப் பாதையின் மீது நல்லெண்ணம் வைத்திருப்பதால்தான் அது திறந்திருக்கிறது. நம் கூட்டம் அதற்குக் குறை வைக்கக் கூடாது.

உலாவுக்கு நீங்கள் அச்சிடும் தாளில், உணவு நேரத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மேலே, பொட்டவாட்டமி மக்களைப் பற்றி ஒரு பத்தி இடம்பெற வேண்டும் என்பதும் என் விருப்பம். அந்தப் பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பாதையில் முன்னும் பின்னும் நடந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள இன்னும் ஆறு பேராவது தேவைப்படுவார்கள். என் மகளுக்கு இப்போது பதினாறு வயது, முதல் ஆளாகத் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்களோடு ஆண்டுதோறும் பயணிக்கும் ஒரு குடும்பத் தலைவன்