இழுத்து மூடச் சொன்னவனுக்கு

அன்புள்ள சேகர்,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குத் திட்டிக்கொள். பாஸ்கரிடம் ஏற்கெனவே ஒரு சுற்றுத் திட்டி முடித்துவிட்டாய் என்று கேள்வி. இங்கே எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் இப்போது தேவலை. வீடு இன்னும் கட்டி முடிந்தபாடில்லை, அதை எழுதினால் ரத்தக்கொதிப்பு ஏறும், விடு.

ஐ.நா.வை இழுத்து மூடிவிடலாம் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ மூடக்கூடியவன்தான், நம் வாசகர் வட்டத்தை மூடின கை அல்லவா. ஆனால் கவிதாவின் பள்ளியில் மாதிரி ஐ.நா. நடத்துகிறார்கள், 1956 சூயஸ் நெருக்கடியில் அவளுக்கு பிரிட்டன் வேஷம். குறிப்பு எடுத்துக் கொடுக்கப் போனவன் அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) மட்டும் எதற்கு வீட்டோ, அதாவது ஒரே ஓட்டில் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம் என்கிறாய். 1945இல் ஐ.நா.வின் சாசனத்தை எழுத சான் பிரான்சிஸ்கோவில் 50 நாடுகள் கூடியபோது சின்ன நாடுகளும் இதைத்தான் கேட்டன. ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் எவாட் விடாமல் மல்லுக்கட்டினார். அமெரிக்க செனட்டர் டாம் கானலி சாசன வரைவை அவர்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டுக் காட்டினாராம்: வீட்டோ இல்லையென்றால் சாசனமே இல்லை. பச்சை மிரட்டல். ஆனால் ஐ.நா.வுக்கு முன்பு இருந்த சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கதை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. 1920இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில், யோசனை சொன்ன அதிபர் வில்சனின் அமெரிக்காவே சேரவில்லை. 1933இல் ஜப்பானும் ஜெர்மனியும் விலகுவதாக அறிவித்துவிட்டன. இந்தத் தடவை வலியவர்களை உள்ளே உட்கார வைக்கக் கொடுத்த விலைதான் வீட்டோ. அநியாய விலை என்றால் நான் மறுக்கவில்லை. (இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். அப்போது சுதந்திரம்கூட வரவில்லை, பார்த்துக்கொள்.)

சரி, சூயஸுக்கு வருகிறேன். சூயஸ் கால்வாயை எகிப்து நாட்டுடைமையாக்கியதில் வந்த தகராறு அது. எகிப்தை இஸ்ரேல் தாக்குகிறது, பின்னாலேயே பிரிட்டனும் பிரான்சும். சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாதுகாப்புச் சபையில் வந்த தீர்மானத்துக்கு பிரிட்டனும் பிரான்சுமே வீட்டோ போட்டார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாதுகாப்புச் சபை முட்டிக்கொண்டு நின்றால் விஷயத்தை எல்லா உறுப்பு நாடுகளும் உட்காரும் பொதுச் சபைக்குக் கொண்டுபோகலாம் என்று 1950இல், கொரியப் போரின்போது, சோவியத்தின் வீட்டோவைச் சமாளிக்க ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். அப்படி அனுப்புவது நடைமுறை விஷயம், அதில் வீட்டோ செல்லாது. அந்த வழியை முன்மொழிந்தவர்களில் பிரிட்டனும் பிரான்சும் உண்டு! இதைப் படித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பொதுச் சபையில் கனடாவின் லெஸ்டர் பியர்சன் ஒரு யோசனை வைத்தார். இரு தரப்புக்கும் நடுவே சண்டை போடாத ஒரு படையை நிறுத்தலாம் என்று. சாசனத்தில் அப்படி ஏற்பாடே கிடையாது. பொதுச் செயலாளர் ஹாமர்ஷால்ட் சில நாட்களில் அதற்கு உருவம் கொடுத்தார். தனித் தொப்பி செய்ய நேரமில்லாமல் அமெரிக்க ஹெல்மெட்டுகளுக்கு நீல வண்ணம் பூசினார்கள். நவம்பர் நடுவில் முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கிவிட்டார்கள். பிரிட்டனை அசைத்தது பவுண்டுக்கு வந்த நெருக்கடியும் அமெரிக்காவின் கோபமும்தான் என்று நீ சொல்வாய். உண்மைதான். ஆனால் மானம் போகாமல் பின்வாங்க அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, இந்தப் படை அதைக் கொடுத்தது.

இதற்கு மேல் கிண்டல் செய்ய முடியவில்லை. 1994இல் ருவாண்டாவில் ஐ.நா. படை அங்கேயேதான் இருந்தது. தளபதி டாலேர் ஜனவரியிலேயே எச்சரித்திருந்தார். ஏப்ரலில் டுட்சி இன மக்களின் படுகொலை தொடங்கியதும் பாதுகாப்புச் சபை அந்தப் படையை 270 பேராகக் குறைத்தது. வீட்டோ யாரும் போடவில்லை சேகர். அந்தத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது, உறுப்பு நாடுகள் கொடுத்தால்தான் உண்டு. அன்றைக்குக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கட்டடத்தை மூடினால் அந்த 193 நாடுகளும் எங்கே போகும்? இதே ஆட்கள்தான், பேச ஓர் இடம்கூட இல்லாமல் இருப்பார்கள்.

இதற்கு ஒழுங்காக ஒரு பதில் எழுது. பாஸ்கரிடம் சொல்லி அனுப்பாதே, அவன் பாதியை மறந்துவிட்டு மீதியை மாற்றிச் சொல்கிறான். அப்புறம், என் அகராதி உன்னிடம்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

அன்புடன்,
மூர்த்தி