பலகையில் நேரம் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளாகக் காலை ஆறு மணி வகுப்பில், பளு தூக்கல், புல்-அப், ஓட்டம் போன்றவற்றைக் கலந்து தீவிரமாகச் செய்யும் கிராஸ்ஃபிட் வகைப் பயிற்சி செய்து வரும் 46 வயதுக்காரன் என்ற முறையில், இத்தகைய ஜிம்களின் சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையைப் பற்றி எழுதுகிறேன். அன்றைய பயிற்சியை யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பதை அதில் பெயரோடு எழுதுவார்கள். அந்தப் பலகை இல்லாவிட்டால் நான் இரண்டாம் மாதமே நின்றிருப்பேன். சென்ற ஆண்டு என் வலது தோளைக் கெடுத்ததும் அதே பலகைதான். ஆகவே போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை அளந்து போட்டியிடுகிறோம் என்பதே என் கேள்வி.

'ஃபிரான்' என்ற பெயர்பெற்ற பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பாரத்தைத் தோளில் தாங்கி உட்கார்ந்து, எழும் வேகத்திலேயே தலைக்குமேல் உயர்த்தும் த்ரஸ்டரும், அதையடுத்துப் புல்-அப்பும் 21, 15, 9 என்ற எண்ணிக்கையில் மாறி மாறி வரும். ஆண்களுக்குக் குறிக்கப்பட்ட எடை ஏறத்தாழ 43 கிலோ. தேர்ந்தவர்கள் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். குறுகிய நேரத்தில் மூச்சு முட்ட உழைப்பதுதான் இதன் நோக்கம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் கௌரவத்துக்காக அதே எடையை எடுத்து, மூன்று முறைக்கொரு தடவை கீழே வைத்து, முதுகு வளைய இருபது நிமிடம் இழுத்தடித்தால் அவர் செய்தது ஃபிரானே அல்ல; வெறும் 20 கிலோ கம்பியுடன் ஆறு நிமிடத்தில் முடித்தவரே அதைச் செய்தவர். ஆனால் குறித்தபடியே செய்தார் என்பதைக் காட்டும் 'ஆர்எக்ஸ்' (Rx) என்ற முத்திரை பலகையில் முன்னவர் பெயருக்குத்தான் விழுகிறது. மருத்துவர் சீட்டில் இருக்கும் அதே குறிதான் இது. அவராவது ஆளைப் பார்த்து மருந்து எழுதுகிறார்.

நாலு நிமிடம் போதும் என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் தபாட்டா முறைக்கும் இதே கதிதான். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்ற அந்தச் சுற்றுகள் நிலையான சைக்கிளில் செய்யப்பட்டவை. சைக்கிளில் களைத்தவனுக்குக் கால் ஓயும், அவ்வளவுதான். தலைக்குமேல் பாரம் வைத்திருப்பவன் களைத்தால் அதைத் தோளும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும். என் விஷயத்தில் நடந்தது அதுதான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் ஒருவரின் நேரத்தைத் துரத்தி, ஃபிரானின் கடைசி ஒன்பது த்ரஸ்டரில் முழங்கை நீளாமலேயே ஒவ்வொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

தோள் வலியாவது உடனே தெரியும். 'ராப்டோ' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தசைச்சிதைவு ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும். மிதமிஞ்சிய உழைப்பில் சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் வீட்டில் தண்ணீர் குடித்துக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புதியவர்களும், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பி வந்து பழைய நேரத்தை எட்ட முயல்பவர்களும் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். கிராஸ்ஃபிட் நிறுவனர் கிரெக் கிளாஸ்மனே 2005-இல் தம் அமைப்பின் இதழில் இது குறித்து எச்சரித்து எழுதினார். அப்படியிருக்க, மே மாத இறுதியில் அமெரிக்க நினைவு நாளையொட்டிச் செய்யப்படும் 'மர்ஃப்' பயிற்சியை, அதாவது 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 100 புல்-அப், 200 புஷ்-அப், 300 ஸ்குவாட், மீண்டும் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் என்பதை, சென்னையின் கோடை வெயிலில், சேர்ந்து இரண்டே மாதமானவர்களுக்கும் வைப்பது என்ன நியாயம்?

முதலில் அசைவின் ஒழுங்கு, அடுத்து அதை மாறாமல் செய்யும் பழக்கம், பிறகே தீவிரம் என்பது கிராஸ்ஃபிட் தானே கற்பிக்கும் வரிசை. பலகையும் அந்த வரிசைக்கு மாறட்டும். நேரத்தோடு, தூக்கிய எடையையும் அதே நபர் முன்பு எடுத்த நேரத்தையும் எழுதலாம். ஒழுங்கு குலைந்த அசைவுகளைப் பயிற்சியாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதல் மூன்று மாதங்களுக்குப் புதியவரின் பெயரே பலகையில் ஏற வேண்டாம்.

இதை எங்கள் பயிற்சியாளரிடம் சொன்னபோது, "அப்புறம் யார் சார் வருவாங்க?" என்று சிரித்தார். தோள் வலியால் நானே நான்கு மாதம் வரவில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை