ஒரு தவணைக்கு ஒரு கருவி போதும்: பயிற்சித் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மொழி ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுவோருக்கும், எங்களுக்கு விரிவுரை நடத்தும் சேர், மிஸ் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். சிங்களம் பேசும் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கப் பயிற்சி பெற்றுவருகிறேன். போன தவணையில் எங்களுக்கு இணையவழிக் கருவிகள் பற்றி இரண்டு நாள் பயிலரங்கு நடந்தது. சூம், கூகுள் கிளாஸ்ரூம், மூடுல், பேட்லெட், கஹூட், குவிஸ்லெட் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்து போயின. கடைசியில், வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில், "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் பேசாமல்தான் இருந்தேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கருவிகள் பிடிக்காமல் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்குப் போன பாடசாலையில், தரம் 8இல் ஒரு பிள்ளை வாரக்கணக்காக என் வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசவில்லை. எழுத்து அழகாக இருக்கும், வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும். வீட்டில் இருப்பவர்களைப் பற்றி நான்கு வசனம் பேசி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள் என்று ஒருநாள் வகுப்புக்குச் சொன்னேன். அன்றிரவு அந்தப் பிள்ளையின் குரல் வந்தது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். 'தம்பி' என்பதைச் சரியாகச் சொன்னாள். சிங்களத்தில் 'ப'வுக்கும், 'தம்பி'யில் வரும் அதன் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே எழுத்துதான். 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் வரும் 'க' ஒன்றுதான், ஒலியோ மூன்று. அந்தப் பிள்ளைகளை மிகவும் தடுமாற வைப்பது இதுதான். கரும்பலகையில் எத்தனை தடவை எழுதினாலும் இது ஏறாது, காதால் கேட்க வேண்டும். 'மழை' என்ற சொல்லில் நின்று, திரும்பச் சொல்லி, மூன்றாம் தடவை 'ழ'வைப் பிடித்துவிட்டாள். அந்தப் பதிவை நான் எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. வகுப்பில் 40 நிமிடப் பாடவேளையில் 38 பிள்ளைகளுக்கு நடுவே அந்தக் குரல் எனக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே ஆசை இருக்கிறது. பயமும் இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்கிறேன்.

அதே பாடசாலையில் ஒரு மூத்த ஆசிரியை, பல வருடம் சேர்த்து வைத்த வினாத்தாள்களை ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்தார். பெரிய மனம் அவருக்கு. இரவு உட்கார்ந்து அதிலிருந்து 40 வினாக்களை எடுத்துக் கூகுள் படிவத்தில் ஒட்டினேன். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு அது. அத்தனையையும் நானே திரும்ப அடித்து முடிக்க நடுச்சாமம் தாண்டிவிட்டது. பாமினியை, எந்தத் திரையிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன என்று மறுநாள்தான் தோழி சொன்னாள். அதிலும் ஒரு சிக்கல்: வினாத்தாளில் இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் எழுத்தாகப் புரட்டிவிடும், ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் திருத்த வேண்டும். தமிழ் 1991இலேயே யூனிகோடில் இடம்பிடித்துவிட்டது. எங்கள் பாடசாலைகளின் வினாத்தாள்களில் எத்தனையோ இன்னும் பாமினியில் கிடக்கின்றன. தமிழ் கற்பிக்கப் போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுவல்லவா? அந்த இரண்டு நாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

கஹூட் என்ற வினா விளையாட்டும் அப்படித்தான். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், வகுப்பே அதிரும். ஆனால் யார் விரைவாகத் தொடுகிறாரோ அவருக்குத்தான் அதிகப் புள்ளி. இரண்டாம் மொழியில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை விடை தெரிந்தும் பின்னால் நிற்கும். நேரத்தைக் கூட்டி வைக்கலாம், புள்ளியை நிறுத்தியும் வைக்கலாம். இதை நானாகத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். அதற்குள் இரண்டு பிள்ளைகள் விளையாடுவதையே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் டேட்டா. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மாவின் போன் ஒன்றுதான். தம்பிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு வந்தால் அவனுக்கே விட்டுக்கொடுப்பேன், பிறகு தோழியின் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி எழுதிக்கொள்வேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். "இப்போது எல்லார் வீட்டிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்த ஒற்றைப் போன்தான் ஞாபகம் வருகிறது. கொழும்புப் பிள்ளைகள் என்றால் எல்லோரும் வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருப்பவர்கள் அல்லர். மட்டக்குளியிலும் தெமட்டகொடையிலும் இரவு அப்பா வேலையால் வந்த பிறகுதான் போன் கைக்குக் கிடைக்கும் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அந்தக் குரல் பதிவுகள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வந்ததும் அதனால்தான்.

இன்னொன்று. எங்கள் பாடக்குறிப்பில் எந்தக் கருவியைப் பயன்படுத்தினோம் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதற்குப் புள்ளியும் இருக்கிறது. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் ஏதாவது எழுதுகிறோம். ஒரு நாள் நல்ல உரையாடல் போய்க்கொண்டிருந்தபோது, அந்தக் கட்டத்துக்காகவே அதை நிறுத்திவிட்டுப் புரொஜெக்டரை இணைக்கப் போனேன். திரும்பி வந்தபோது பேச்சு கலைந்துபோயிருந்தது. அந்தப் பாடத்தை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. ஒரு தவணைக்கு ஒரே ஒரு கருவியைத் தாருங்கள். அதை மடிக்கணினியில் காட்டாமல் எங்கள் போனிலேயே, தமிழில் தட்டச்சிட்டு, எங்கள் பாடத்தையே வைத்துச் செய்யவிடுங்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் சிறு பாடம் நடத்திப் பழகும் நுண்கற்பித்தல் நேரத்தில் அது பிழையாகிப்போகட்டும். பிள்ளைகளுக்கு முன்னால் பிழையாவதைவிட அது நல்லது. இந்தப் பாடத்துக்குக் கருவி வேண்டாம் என்று காரணத்தோடு எழுதினால் அதற்கும் அந்தக் கட்டத்தில் புள்ளி தாருங்கள். யூனிகோட் தட்டச்சை முதல் வாரத்திலேயே கற்பியுங்கள்.

அடுத்த பயிலரங்கில் "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்ற கேள்வியை வீட்டுக்குப் போகும் நேரத்துக்கு வைக்காமல், முதல் நாள் காலையிலேயே கேளுங்கள். நான் கை உயர்த்துவேன்.

இப்படிக்கு,
ஒரு பயிலுநர் ஆசிரியை,
கொழும்பு