எல்லோருக்கும் பிடித்தவளாக இருக்க வேண்டியதில்லை

அன்புள்ள மகளுக்கு,

குழுவுக்குத் தலைவியான பிறகு தூக்கம் குறைந்துவிட்டது என்று போனில் சொன்னாய். வேலைச்சுமைதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் யார் முகம் எப்படி இருந்தது, யார் சரியாகப் பேசவில்லை என்றே பாதி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர்கள் சிரித்தால் உனக்கு நல்ல நாள், முகம் சுளித்தால் கெட்ட நாள். அப்படியானால் குழுவை நடத்துவது யார்?

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. வேலையைத் தாமதமாக முடிக்கும் அந்தப் பையனிடம் நேரே பேசாமல், அவனோடு வேலை செய்யும் பெண்ணிடம் புலம்பியிருக்கிறாய். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்றார். இருவருக்கு நடுவே இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுக்கிறோம். மனம் கொஞ்சம் லேசாகும், பிரச்சினை அப்படியே கிடக்கும். 1950களில் குடும்பங்களை முழுதாக மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தவர் அவர். அலுவலகத்திலும் அதே கதைதான்.

'இனி யாரோடும் ஒட்டாமல் இருந்துவிடுகிறேன்' என்றாயே, அதை மட்டும் செய்யாதே. உறவை அறுத்துக்கொண்டு ஓடுவதால் யாரும் விடுபடுவதில்லை என்பதும் அவர் சொன்னதுதான். ஒருவருடைய கோபம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொள்கிறவளும் அந்தக் கோபத்துக்குக் கட்டுப்பட்டவள்தானே? பக்கத்தில் இரு. அவன் கஷ்டத்தைக் கேள். கேட்டுவிட்டு, வேலை எப்போது முடிய வேண்டும் என்பதையும் சொல்.

அவர்கள் சொல்லும் காரணம் சரியாக இருந்தால் உன் முடிவை மாற்றிக்கொள். முகம் வாடியதற்காக மாற்றாதே. முதலில் எதிர்ப்பு வரத்தான் செய்யும். 'நீங்கள் முன்பு இப்படி இல்லையே' என்பார்கள். ஒருவர் தன் நிலையில் நின்றால் சுற்றியிருப்பவர்கள் அவரைப் பழையபடி இழுக்கத்தான் பார்ப்பார்கள். அந்த வேளையில் விளக்கத்துக்கு மேல் விளக்கம் கொடுக்காதே, எரிந்தும் விழாதே. பெரும்பாலும் அடங்கிவிடும். ஓரிருவர் கடைசிவரை அடங்காமலும் இருக்கலாம். சரி, இருக்கட்டும்.

அப்புறம், நம் விஷயம். அம்மா வருத்தப்படுவாள் என்பதற்காக வாராவாரம் கூப்பிடாதே. கூப்பிடாவிட்டால் வருத்தப்படுவேன்தான், அதை நான் பார்த்துக்கொள்வேன். பேசத் தோன்றும்போது பேசு. அந்தப் பையனிடம் பேசியதும் மட்டும் இரண்டு வரி எழுது. அவன் என்ன சொன்னான் என்பது இருக்கட்டும், நீ என்ன சொன்னாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா