ஆறு ஹோல்டர், ஒரே தப்பு

கானாடுகாத்தான்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. கையெல்லாம் கருப்பெண்ணெய், பேப்பரைத் தொட்டால் அச்சு விழுந்துவிடும். முழங்கால் எப்படி இருக்கிறது? பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ உட்கார்ந்திருப்பாய் என்று நான் நம்பவில்லை.

இங்கே எல்லோரும் நலம். வீட்டுக்காரர்கள் படைப்புக்கு வந்துபோன பிறகு வீடு பழையபடி வெறிச்சென்று கிடக்கிறது. பின்கட்டில் நாங்கள் இரண்டு பேர், நெல் அறையில் லேத். முன்கட்டில் பெரிய ஹால் சும்மாதானே கிடக்கிறது, அங்கே வைக்கலாமே என்று நீ கேட்டாய். அங்கே தரையில் ஆத்தங்குடிக் கல். அதன்மேல் லேத்தை ஏற்றினால் அன்றைக்கே எங்கள் சட்டிபானை தெருவுக்கு வந்துவிடும். நெல் அறைக்குக் காங்கிரீட் போட அனுமதி வாங்கவே எனக்கு ஆறு மாதம் ஆனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லேத்தில் வெட்டும் டூலைப் பிடிக்கும் ஹோல்டர் செய்துவிட்டேன். ஆறு.

இந்த வேலையில் ஏன் இறங்கினேன் என்று உனக்குத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்பவர்கள், இடித்த வீடுகளிலிருந்து வரும் கதவுகளுக்கும் பெட்டிகளுக்கும் காணாமல்போன பித்தளைக் குமிழ், தாழ்ப்பாள் முனை, கீல் ஆணி எல்லாம் செய்து கேட்கிறார்கள். எல்லாம் ஒன்றிரண்டு உருப்படிதான். ஒரு குமிழின் முகத்தைத் தட்டையாகச் சீவ, அதாவது பேஸிங் அடிக்க ஒரு டூல், வளைவுக்கு ஒன்று, துளையைப் பெருக்கப் போரிங் பார், கடைசியில் அறுத்தெடுக்கப் பார்ட்டிங். டூலை மாட்டும் நம் நாலுமுனை டூல் போஸ்ட்டில், முனை சரியாகச் சென்டர் உயரத்துக்கு, அதாவது சுழலும் உருப்படியின் நடுவுக்கு வர, ஒவ்வொன்றுக்கும் அடியில் தகடு வைக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடுத் துண்டு, தகரம், தீப்பெட்டி அட்டை என்று ஒரு டப்பா நிறைய வைத்திருந்தேன். அரை மில்லி தாழ்ந்தால் பேஸிங் முடிந்ததும் நடுவில் மொட்டு நிற்கும். உயர்ந்தால் வெட்டாமல் தேய்க்கும். குமிழுக்கு இருபது நிமிஷம், தகடு வைக்க நாற்பது நிமிஷம். போன தீபாவளிக்கு மகன் வாங்கிக் கொடுத்த சீன டூல் போஸ்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. டவ்டெயில் என்ற புறாவால் இணைப்பில் ஹோல்டரைச் செருகி லீவரைத் தட்டினால் போதும், உயரம் போனமுறை வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் அதோடு வந்தவை இரண்டே ஹோல்டர். இரண்டு ஹோல்டருக்குள் டூலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பழைய கதைதான்.

போஸ்ட்டில் ஹோல்டரை இறுக்குவது ஆப்பா, பிஸ்டனா என்று கேட்டிருந்தாய். என்னுடையது ஆப்பு வகை. பிஸ்டன் வகை விலை குறைவு, அதில் கட்டை ஒரு சின்ன இடத்தில் அழுத்தி ஹோல்டரைப் பிடிக்கிறது. ஆப்பு டவ்டெயிலின் நீளம் முழுக்கப் பிடிக்கும். நீ வாங்கினால் ஆப்பே வாங்கு. பார்ட்டிங் செய்யும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதிலேயே கேட்கும்.

மாட்டுவதிலும் ஒரு வேலை இருந்தது. நம் பட்டாலா நாலரை அடி லேத்தில் டூல் போஸ்ட் உட்காரும் காம்பவுண்ட் மேல் நடுவில் ஒரு ஸ்டட் நிற்கிறதே, புது போஸ்ட்டின் துளை அதைவிடப் பெரிது. ஒரு புஷ் கடைந்து போட்டேன். அதைவிட முக்கியம் உயரம். காம்பவுண்ட் மேல்தளத்திலிருந்து சென்டர் வரை 28 மில்லி. 16 மில்லி டூல் போட்டால் மீதி 12. ஆகவே ஹோல்டரில் டூல் உட்காரும் தளத்தின் கனத்தை 10 மில்லியாக வைத்தேன், மீதி இரண்டு மில்லி ஏற்றி இறக்க. இதை முதலில் கணக்குப் போடாமல் செய்திருந்தால் ஆறும் பேப்பர் வெயிட்தான்.

டவ்டெயில் வெட்ட என்னிடம் மில்லிங் மெஷின் இல்லை. வெர்டிகல் ஸ்லைடு வைத்து லேத்திலேயே வெட்டலாம், அதற்கு 60 டிகிரி கட்டர் வேண்டும், அதன் பல்லோ மூக்குத்தி மாதிரி, இரண்டு தட்டு தட்டினால் போய்விடும். காரைக்குடியில் ஒரு பட்டறை மூலையில் 18 அங்குல ஷேப்பர், டூல் முன்னும் பின்னும் ஓடி இரும்பைச் சீவும் எந்திரம், ஒன்று தூசி படிந்து கிடந்தது. யாரும் தொடுவதில்லை, எல்லாம் சி.என்.சி. என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டிக்கொள்கிறேன் என்றேன், அவர் சாவியையே கொடுத்துவிட்டார். அதில் கட்டர் செலவே இல்லை, அரை அங்குல ஹை ஸ்பீடு ஸ்டீல் துண்டைச் சாணையில் பிடித்தால் டூல் ஆயிற்று. ஹெட்டை 30 டிகிரி சாய்த்து, டூலைப் பிடிக்கும் கிளாப்பர் பாக்ஸின் மேல்பக்கத்தை வெட்டும் முகத்திலிருந்து விலக்கித் திருப்ப வேண்டும். நம் ஐ.டி.ஐ. வாத்தியார் ஸ்கேலால் மணிக்கட்டில் தட்டிச் சொல்லிக் கொடுத்தது. நாற்பது வருஷம் கழித்து, கை தானாக அதைத் திருப்பியது. எனக்கே சிரிப்பு.

ஒவ்வொன்றாக வெட்டவில்லை. 75க்கு 40 பட்டையில் ஒரு அடி நீளம், ஏழு கிலோ. நீளவாக்கில் ஒரே டவ்டெயிலாகப் போட்டுவிட்டு, அப்புறம் ஆறு துண்டாக அறுக்கலாம் என்று திட்டம். முதலில் பளபளவென்ற பிரைட் பாரில் ஆரம்பித்தேன். பாதி இரும்பை எடுத்துவிட்டு வைஸைத் தளர்த்தினால் பார் வில்லாக நிற்கிறது. குளிரில் இழுத்த இரும்பு, உள்ளே இழுவிசையைப் பூட்டி வைத்திருக்கும், ஒரு பக்கத் தோலை உரித்ததும் வளைந்துவிடும். தெரிந்த விஷயம்தான், பளபளப்பைப் பார்த்து மறந்துவிட்டேன். திருச்சிக்குப் போய்க் கருப்புத் தோலோடு ஈ.என். 8 ரக இரும்பு வாங்கி வந்தேன். அது அசையவில்லை.

இப்போது தப்புக்கு வருகிறேன். நீ சிரிப்பாய், சிரி.

டவ்டெயிலின் கூர்மூலையை நேராக அளக்க முடியாதல்லவா, இரண்டு மூலையிலும் உருளை வைத்துத்தான் அளக்க வேண்டும். 60 டிகிரிக்கு உருளையின் விட்டத்தை 2.732 ஆல் பெருக்கி, போஸ்ட்டின் வெளி டவ்டெயில் அளவில் கழிக்க வேண்டும், ஹோல்டரின் உள் டவ்டெயிலில் கூட்ட வேண்டும். 6 மில்லி என்றால் 16.392. உருளைக்கு எங்கே போவது என்று இரண்டு 6 மில்லி டிரில் பிட்டின் தண்டை வைத்தேன். போஸ்ட்டை அதால் அளந்தேன், ஹோல்டரையும் அதாலேயே அளந்தேன். இரண்டுக்கும் ஒரே தண்டு, ஆகவே தண்டு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அடிபட்டுப் போகும் என்று மனதில் ஒரு மேதாவித்தனம்.

வெட்டி முடித்து, பிசிர் எடுத்து, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து போஸ்ட்டில் ஏற்றினால் வாயிலேயே முட்டி நிற்கிறது. ராத்திரி ஒன்பது மணி. மைக்ரோமீட்டரை எடுத்துத் தண்டைப் பிடித்தேன். 5.96. டிரில் தண்டு எப்போதும் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். 0.04 என்பது 2.732 மடங்காகி 0.11. போஸ்ட்டை அளந்தபோது அவ்வளவு குறைவாகக் கணக்கு வந்தது. அதை நம்பி ஹோல்டரை வெட்டியபோது இன்னொரு 0.11 குறுகியது. அடிபடவில்லை மாப்பிள்ளை, கூடிவிட்டது. ஒன்றில் கூட்டல், மற்றதில் கழித்தல் என்பதால் தப்பு இரண்டு முறையும் ஒரே பக்கம் இழுத்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தில் படம் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

நல்லவேளை, தப்பு இறுக்கமான பக்கம் விழுந்தது. தளர்ந்திருந்தால் ஏழு கிலோவும் காயலான் கடைக்குத்தான். இன்னொரு நல்லவேளை, துண்டு போடும் முன்பே பார்த்தது. அடுத்த ஞாயிறு திரும்ப ஷேப்பர், பழைய பேரிங்கிலிருந்து கழற்றிய 6 மில்லி ரோலர் இரண்டு, அவை சுத்தமாக 6.00. இந்த முறை பேருந்தில் போஸ்ட்டையே பையில் எடுத்துப் போய், அங்கேயே ஏற்றிப் பார்த்து வெட்டினேன். கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்து லக்கேஜ் போட்டார்.

மீதியெல்லாம் வீட்டு வேலை. ஹோல்டருக்கு நாலு மரையாணி, 24 துளை, 6.8 டிரில், எம் 8 டேப். டேப் ஒன்று உடைந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். உயரம் திருப்பும் நட்டுக்கு விரல் வழுக்காமல் இருக்க நர்லிங் வரி போட்டேன், அதை மட்டும் நீ நேரில் பார்க்க வேண்டும். கடைசியில் சூடாக்கிப் பழைய எஞ்சின் ஆயிலில் முக்கிக் கருப்பேற்றினேன். கந்தரப்பம் சுட எண்ணெய் காய வைத்த அதே நேரத்தில் நான் இதைச் செய்ததால், அன்று மாலை வீட்டில் எனக்குக் கந்தரப்பம் கிடையாது.

சென்டர் பார்க்க நீ லேத்தின் மறுகோடியில் நிற்கும் டெயில்ஸ்டாக் முனையைத்தான் நம்புவாய். நான் ஸ்கேலுக்கே திரும்பிவிட்டேன். சக்கில் உருண்டைக் கம்பி, டூல் முனைக்கும் கம்பிக்கும் நடுவில் ஆறு அங்குல ஸ்கேலை மெல்லக் கவ்வ வைத்தால், செங்குத்தாக நின்றால் சரி. ஸ்கேலின் தலை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்வு. ஒருமுறை வைத்து நட்டைப் பூட்டினால் முடிந்தது. தகடு டப்பாவை இன்னும் தூக்கிப் போடவில்லை, ஜன்னலில்தான் இருக்கிறது.

ஆறில் ஐந்தில் டூல் ஏறிவிட்டது. ஆறாவது பார்ட்டிங்குக்கு என்று ஒதுக்கியது. இங்கே நல்ல பிளேடு கிடைக்கவில்லை. உன் கணபதிப் பட்டறையில் பழைய கோபால்ட் பார்ட்டிங் பிளேடு இரண்டு மூன்று சும்மா கிடக்கும், எனக்குத் தெரியும். மழை விட்டதும் கிளம்பி வா. செட்டிநாடு ஸ்டேஷனில் எல்லா ரயிலும் நிற்காது, காரைக்குடியில் இறங்கிப் போன் பண்ணு, வண்டியில் வந்து கூட்டிக்கொள்கிறேன். படி இல்லாத அறையாக ஒன்றைப் பெருக்கி வைக்கச் சொல்கிறேன். பிளேடு கனம் 3 மில்லிக்கு மேல் வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்